தொட்டதும் எழுந்தவள்

போன வாரம் நம் பழைய டீமின் போன் குழுவில் உங்களில் யாரோ அந்தப் பழைய போட்டோவைப் போட்டீர்கள். சிதம்பரத்தில் மாவட்டப் போட்டி முடிந்த பிறகு எடுத்தது. பன்னிரண்டு பேரும் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறோம், ஒருத்தி மட்டும் ஓரத்தில் தலையைக் குனிந்திருக்கிறாள். அதற்குக் கீழே நம்மில் ஒருத்தி எழுதியிருந்தாள்: "அஞ்சு மட்டும் அன்னிக்கு அவசரப்படாம குந்தியிருந்தா கப்பு நமக்குத்தான்டி." வரிசையாக எல்லாரும் சிரிப்புப் பொம்மை போட்டீர்கள். நானும் ஒன்று போட்டேன். போட்டுவிட்டு, அதைத் தட்டிய கட்டை விரலையே பார்த்துக்கொண்டு நின்றதில் அடுப்பில் தோசை கருகிவிட்டது.

அதற்குத்தான் இதை எழுதுகிறேன். நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். நமக்கெல்லாம் முப்பது தாண்டியாகிவிட்டது. அதற்குள் கிழவி மாதிரி பழங்கதை பேசுகிறாயா என்று கேட்காதீர்கள். குந்தி எழுந்து குந்தி எழுந்து தேய்ந்த முழங்காலுக்கு வயதே வேறு. என்னுடையது மாடிப்படி ஏறும்போது பேசுகிறது.

கோ-கோ எப்படி ஆடுவது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனால் என் பெண் பெரியவளாகி இதைப் படித்தால் ஒன்றும் புரியாது, அவளுக்காகச் சொல்லிவிடுகிறேன். ஒரு நீளக் கோடு, அதன் மேல் எட்டுக் கட்டம், இரண்டு முனையிலும் ஒவ்வொரு கம்பம். கட்டத்துக்கு ஒருத்தியாக எட்டுப் பேர் குந்தியிருப்பார்கள், ஒருத்தி கிழக்கே பார்த்தால் அடுத்தவள் மேற்கே. ஒன்பதாவது ஆள் துரத்துவாள். ஓடுகிறவள் குந்தியிருப்பவர்களுக்கு நடுவே புகுந்து அந்தப் பக்கம் போய்விடலாம். துரத்துகிறவள் அப்படிக் கோட்டைத் தாண்டக் கூடாது, திரும்பியும் ஓடக் கூடாது. அதனால் அந்தப் பக்கம் பார்த்துக் குந்தியிருப்பவளின் முதுகைப் பின்னாலிருந்து தொட்டு, ‘கோ’ என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். அவள் எழுந்து துரத்துவாள், இவள் அவள் இடத்தில் உட்கார்ந்துகொள்வாள். தொடவும் வேண்டும், சொல்லவும் வேண்டும். சொல்லாமல் எழுந்தால் ஃபவுல். அப்படி எழுந்து ஆளைப் பிடித்தாலும் அது அவுட் கிடையாது.

நம் பி.டி. டீச்சர் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எந்தக் கட்டமோ அதுதான் பெயர். நான் நாலு, அவள் அஞ்சு. ஒன்பதாம் வகுப்பு முழுக்க நாங்கள் இருவரும் பக்கத்துப் பக்கத்துக் கட்டத்தில், ஆளுக்கொரு திசையைப் பார்த்து உட்கார்ந்திருந்தோம்.

நம் கடலூர்ப் பள்ளிக்கு நான் செம்மண்டலத்திலிருந்து சைக்கிளில் வருவேன். அவள் தேவனாம்பட்டினத்துக்கு அந்தாண்டை, சுனாமிக்குப் பிறகு கட்டிக் கொடுத்த வரிசை வீடுகளிலிருந்து நடந்து வருவாள். டீமில் கேன்வாஸ் ஷூ இருந்தது எனக்கு மட்டும்தான். அம்மா சனிக்கிழமை தோறும் சாக்பீஸைத் தண்ணீரில் குழைத்துப் பூசி வெயிலில் வைப்பாள். ஆடி மாதமே வலது ஷூவின் முன்பக்கம் பிய்ந்து வாயைத் திறந்துவிட்டது. அதைச் சொன்னால் திட்டு விழும் என்று கம் வாங்கி ஒட்டி ஒட்டிப் போட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் பிராக்டிஸ் முடிந்து குழாயடியில் கால் கழுவும்போது அஞ்சு கேட்டாள்.

"நாலு, உன் ஷூவு இன்னும் பிஞ்சு போச்சா?"

"உனக்கு எப்படித் தெரியும்? நீ அந்தப் பக்கம் பாத்துல்ல குந்தியிருந்த."

"காது இருக்குதுல்ல. ஏழு ஓடி வந்தா குதிகால் தான் விழும். ரெண்டு வந்தா மூக்கால மூச்சு வுடுவா. உனக்கு சோத்தாங்கால் இழுக்கும், அப்புறம் ‘தப்’புன்னு ஒரு சத்தம். நீ பத்தடி தள்ளி வரும்போதே எனக்குத் தெரிஞ்சுடும்."

நான் நம்பவில்லை. கண்ணை மூடச் சொல்லிவிட்டு நம்மில் ஆறு பேரை ஒவ்வொருவராக அவள் பின்னால் ஓடவிட்டேன், நினைவிருக்கிறதா? ஆறும் சரியாகச் சொன்னாள். அன்று நாம் எல்லாரும் கைதட்டிவிட்டு மறுநாள் மறந்துவிட்டோம். ஆட்டத்தில் அவள் மற்றவர்களை விட அரை நொடி முன்னால் எழுந்ததற்குக் காரணம் அதுதான் என்று எனக்குப் புரிய இன்னும் கொஞ்ச நாள் ஆனது. வருகிற ஆள் யார், எந்த வேகம், எப்போது கை படும் என்று அவள் உடம்புக்கு முன்பே தெரிந்திருக்கும். கை பட்டதும் எழுந்துவிடுவாள். ‘கோ’ என்கிற சத்தமும் அந்த நொடியில்தான் வரும், ஏனென்றால் நாம் எல்லாரும் தொடும்போதே கத்திப் பழகியவர்கள்.

நெல்லிக்குப்பத்துக்குப் பிராக்டிஸ் ஆட்டத்துக்குப் போனது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். கரும்பாலை வாசம் ஊர் முழுக்க அடித்து, ரெண்டுக்கு பஸ்ஸிலேயே குமட்டியது. கரும்பு லோடு டிராக்டர்கள் மறித்துக்கொண்டு முக்கால் மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தோம். அந்த டீமில் ரெட்டைச்சடை போட்ட ஒருத்தி இருந்தாள், ஒல்லியாக, வெடுக்கு வெடுக்கென்று. அன்று நாம் துரத்திய ஏழு நிமிடத்திலும் அவளை நம்மால் தொடவே முடியவில்லை. டீச்சர் திரும்பி வரும்போது விசிலின் கறுப்புக் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டே வந்தார். அவரிடம் படித்த ஒரு பிள்ளையும் அதுவரை, அரசாங்கச் செலவில் தங்கிப் படித்து ஆடுகிற விளையாட்டு விடுதிக்குப் போனதில்லை என்பது அவர் மனதில் எப்போதும் ஓடுகிற குறை.

பஸ்ஸில் அஞ்சு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ரெட்டைச்சடைய புடிச்சிடலாம்," என்றாள்.

"எப்படி?"

"அவ கம்பத்தப் பாப்பா. நாமளும் கம்பத்துக்குப் போறான்னு ஓடுவோம். ஆனா சில வாட்டி நெசமாவே போறா, சில வாட்டி உள்ள பூந்துடறா. கம்பத்தப் பாக்கசொல்ல பீச்சாங்கைத் தோள் எறங்குச்சுன்னா உள்ள பூருவா. எறங்கலன்னா கம்பத்துக்குப் போறா. ரெண்டும் சேந்து வரணும்."

அவள் அப்பா கடலில் வலை போடுகிற இடத்தை அப்படித்தான் கண்டுபிடிப்பாராம். கரையில் முன்னால் ஒரு பனைமரம், பின்னால் ஒரு டவர். படகிலிருந்து பார்க்கும்போது இரண்டும் ஒன்றன் மேல் ஒன்றாக வந்து நின்றால் அதுதான் இடம். "ஒத்த அடையாளத்தப் பாத்துப் போனா தண்ணி ஏமாத்திடும்பாரு," என்றாள். இதைச் சொல்லிவிட்டு, அன்று நெல்லிக்குப்பத்துப் பெண்கள் ஒன்பது பேரும் எந்தெந்த நிமிடத்தில் எந்தக் கட்டத்துக்கு நடுவில் புகுந்தார்கள் என்று சினிமாக் கதை சொல்வதைப் போல ஒப்பித்தாள். நான் வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன். மறுநாள் பாதி எனக்கு மறந்துவிட்டது.

அதனால்தான் நோட்டு போட ஆரம்பித்தேன். பழுப்பு அட்டை போட்ட எண்பது பக்க ரஃப் நோட்டு, லேபிளில் பூனைக்குட்டி. கணக்குக்கு வாங்கியது. கோடு கிழித்து, எட்டுக் கட்டம் போட்டு, சிவப்புப் பேனாவில் புள்ளி புள்ளியாக அம்புக்குறி. அவள் சொல்லச் சொல்ல நான் வரைவேன். உணவு இடைவேளையில் மைதானத்து ஓரம், அவள் டப்பாவில் கருவாட்டுக் குழம்பு, என் டப்பாவில் லெமன் சாதம். என் நோட்டில் குழம்பு சிந்திய பக்கங்கள் கூட உண்டு.

"நீயும் ஒண்ணு எழுதி வச்சுக்கயேன்," என்றேன் ஒரு நாள்.

"எனக்கு எதுக்கு? உனக்குத்தான் மறந்துடுது."

டீச்சர் அந்த நோட்டைப் பார்த்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. மழை வந்து பிராக்டிஸ் நின்று, எல்லாரும் வராந்தாவில் ஒதுங்கியிருந்தோம். என் பையிலிருந்து சரிந்து கிடந்ததை எடுத்துப் பிரித்தார். நான்கைந்து பக்கம் புரட்டினார். முகம் மாறிவிட்டது.

"யாருடி போட்டது இது?"

"நான்தான் டீச்சர்."

பொய் இல்லை. கோடு, கட்டம், அம்புக்குறி எல்லாம் என் கையால் போட்டதுதான். அடுத்த வாக்கியத்தைச் சொல்ல எனக்கு அவகாசம் இருந்தது. அஞ்சு இரண்டடி தள்ளித் தாவணி மாதிரி துண்டைச் சுற்றிக்கொண்டு ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். டீச்சர் என் தலையில் கை வைத்து எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: "பாத்தீங்களா? ஓட்டம் அஞ்சுகிட்ட இருக்கு. மூளை நாலுகிட்ட இருக்கு. ரெண்டும் ஒருத்திகிட்ட இருந்தா நான் எங்கியோ போயிருப்பேன்."

இரண்டும் ஒருத்தியிடம்தான் இருந்தது. அதைச் சொல்ல வேண்டியவள் தலையில் டீச்சரின் கை இருந்தது. அந்தக் கை சூடாக, நன்றாக இருந்தது.

அடுத்த வாரம் என்னைக் கேப்டனாக்கினார். அஞ்சு ஒன்றும் கேட்கவில்லை. ஒரே ஒரு முறை, "நோட்ட டீச்சர் வாங்கி வச்சிக்கினாங்கன்னா நீ எத்தப் பாப்ப?" என்று சிரித்தாள். வீட்டில் அம்மா பக்கத்து வீட்டுக்கெல்லாம் போய், "எங்க பொண்ணு ஆட்டத்தையும் படிச்சுத்தான் ஆடறா" என்று சொல்லிவிட்டு வந்தாள். அஞ்சு வீட்டுக்கு வந்தால் அம்மா நன்றாகத்தான் நடத்துவாள், டிபன் கொடுப்பாள். போன பிறகு, "பாவம், அந்தப் பிள்ளைக்கு ஓடத்தான் தெரியும், நீதான் பாத்துக்கணும்" என்பாள். நானும் தலையாட்டுவேன். எழுதும்போதே முகம் கூசுகிறது.

மாவட்டப் போட்டி சிதம்பரத்தில் என்று நோட்டீஸ் வந்தபோது, விளையாட்டு விடுதியிலிருந்து ஒரு கோச் பார்க்க வருவார், ஒவ்வொரு டீமிலிருந்தும் ஒருத்தியை எடுக்கலாம் என்று டீச்சர் சொன்னார். அன்று மாலை அஞ்சு என்னோடு சைக்கிள் ஸ்டாண்ட் வரைக்கும் வந்தாள். அவ்வளவு தூரம் அவள் வருவதில்லை.

"எங்கம்மா சொல்லிட்டாங்க. விடுதில எடம் கெடச்சா படி, இல்லன்னா ஒம்பதோட நிறுத்திக்கோ, அத்தையோட இறால் கம்பெனிக்குப் போ அப்படின்னு."

"இறால் கம்பெனில என்ன வேலை?"

"தோலு உரிக்கிறது. ஐஸ்ல கைய வச்சிக்கினே. எங்கத்தை நகத்தப் பாத்திருக்கியா நீ?" பிறகு என் சைக்கிள் மணியை ஒரு முறை அடித்துவிட்டு, "அந்தாளு முன்னாடி நீ எனக்கு நெறைய கோ குடுடி, நாலு. நான் புடிச்சுக் காட்டறேன்," என்றாள்.

"கண்டிப்பா குடுக்கறேன்," என்றேன். எனக்கு விடுதி தேவையே இல்லை. எனக்கு வீடு இருந்தது, டியூஷன் இருந்தது, பத்தாம் வகுப்புக்குக் கைடு கூட அப்பா வாங்கி வைத்துவிட்டார். இதை நீங்கள் மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

சிதம்பரத்தில் அன்று வெயில் மண்டையைப் பிளந்தது. மைதானத்து ஓரத்தில் வேப்பமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அந்தக் கோச் உட்கார்ந்திருந்தார். நீலத் தொப்பி, மடியில் பெயர் குறிக்கும் அட்டை. இறுதி ஆட்டம் நெல்லிக்குப்பத்தோடு. கடைசி முறை நாம் துரத்துகிறோம். இன்னும் ஒருத்தி அவுட்டானால் நமக்குக் கப்பு. உள்ளே இருந்தது ரெட்டைச்சடை. நேரம் ஒரு நிமிடம் கூட மிச்சமில்லை.

ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் டீச்சர் என் நோட்டை எடுத்துக்கொண்டு போய் அந்தக் கோச்சிடம் காட்டியிருந்தார். அவர் புரட்டிப் பார்த்துவிட்டு என்னைத் தேடிப் பார்த்தது எனக்குத் தெரிந்தது. அந்தப் பார்வை ஆட்டம் முழுக்க என் கழுத்தில் உட்கார்ந்திருந்தது.

நான் துரத்திக்கொண்டிருக்கிறேன். கம்பத்தைச் சுற்றி வந்தாயிற்று. ரெட்டைச்சடை எனக்கு முன்னால் நான்கடியில் ஓடுகிறாள். சற்றுத் தள்ளி அஞ்சு, முதுகை எனக்குக் காட்டி, அந்தப் பக்கம் பார்த்துக் குந்தியிருக்கிறாள். ரெட்டைச்சடை கம்பத்தைப் பார்த்தாள். இடது தோள் இறங்கியது. இரண்டு அடையாளமும் ஒன்றாக வந்து நின்றன. உள்ளே புகப் போகிறாள். எனக்குத் தெரிந்துவிட்டது, அவ்வளவு தெளிவாக ஆட்டத்தில் எனக்கு எதுவும் தெரிந்ததே இல்லை. செய்ய வேண்டியது ஒன்றுதான். நான் அஞ்சுவின் முதுகில் கை வைத்தேன்.

கை வைத்த அதே நேரம் ரெட்டைச்சடையின் கால் மண்ணில் கொஞ்சம் வழுக்கியது. எனக்கு எட்டிவிடும் தூரத்தில் அவள் முதுகு வந்துவிட்டது போல இருந்தது. அந்த ஒரு கணத்தில் என் மூளைக்குள் என்ன ஓடியது என்று இத்தனை வருடம் யோசித்துவிட்டேன். கப்பு ஓடவில்லை. நீலத் தொப்பிதான் ஓடியது. நோட்டு போட்டவளே பிடித்தாள் என்று அவர் நினைக்க வேண்டும். ‘கோ’ தொண்டை வரைக்கும் வந்ததை நான் விழுங்கினேன். வாயை இறுக்கி மூடியது கூட நினைவிருக்கிறது. ஒரு கால் முன்னால் வைத்துவிட்டேன்.

அஞ்சு எழுந்துவிட்டாள். கை பட்டதும் எழுந்துதான் அவளுக்குப் பழக்கம். ரெட்டைச்சடை அவள் சொன்னபடியே உள்ளே புகுந்து அந்தப் பக்கம் போனாள். இரண்டே எட்டு. அஞ்சு அவள் தோளைத் தொட்டுவிட்டாள்.

நாமெல்லாம் குதித்தோம். பிறகுதான் விட்டு விட்டு அடிக்கிற அந்த விசில் காதில் விழுந்தது. ஃபவுல். கோ சொல்லாமல் எழுந்துவிட்டாள், அவுட் இல்லை என்று நடுவர் கையை வீசினார். அடுத்த ஓட்டம் தொடங்குவதற்குள் நேரமும் முடிந்துவிட்டது.

டீச்சர் கோட்டுக்குள்ளேயே வந்துவிட்டார். முகமெல்லாம் சிவந்து, கண் கலங்கியிருந்தது.

"நாலு, நீ கோ குடுத்தியா?"

"குடுக்கல டீச்சர்."

இதுவும் பொய் இல்லை. தொட்டாயா என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று சத்தியம் செய்யவும் எனக்குத் தைரியம் இல்லை. அஞ்சு என் முகத்தைப் பார்க்கவில்லை, என் வலது கையைப் பார்த்தாள். வாயைத் திறக்கப் போனவள் நிறுத்திக்கொண்டாள். நான் சொல்வேன் என்று காத்திருந்தாள். எனக்குத் தெரியும், அது காத்திருத்தல்தான்.

"இதுக்குத்தான்டி நான் அடிச்சிக்கிறேன்!" டீச்சர் கத்தினார். "கால் இருந்தா போதுமா? பொறுமை வேணாம்? அந்தப் புள்ள யோசிச்சு யோசிச்சு ஆட்டத்த நகத்துது, நீ தவளை மாதிரி எகிறிக் கெடுத்துட்ட!"

அஞ்சு தலையைக் குனிந்துகொண்டாள். அந்தப் போட்டோ அதற்குப் பத்து நிமிடம் கழித்து எடுத்தது.

கோச் தொப்பியைக் கழற்றிக்கொண்டு டீச்சரிடம் வந்தார். "அந்த அஞ்சாவது பொண்ணு நல்ல வேகம்மா," என்று அவர் தொடங்கியதை நான் கேட்டேன். டீச்சர் தலையசைத்தார். "வேகம் இருக்குங்க சார். நிதானம் இல்ல. நீங்களே பாத்தீங்களே. இவளப் பாருங்க, இந்த நோட்டு இவ போட்டது." அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. என்னிடமிருந்து தெரிந்துகொண்டதைத்தான் அவரிடம் சொன்னார். அட்டையில் என் பெயர் ஏறியது.

திரும்பி வரும் பஸ்ஸில் அஞ்சு எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்தாள். புதுச்சத்திரம் தாண்டி, ஆலப்பாக்கம் தாண்டி, கடலூர் வரைக்கும் அவள் முதுகு என் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. ஜன்னல் காற்றில் அவள் முடி பறந்து என் முகத்தில் பட்டது. நீங்களெல்லாம் தூங்கிவிட்டீர்கள். ஒரு கை நீட்டி, ‘நான் சொல்லிடறேன்டி’ என்றிருந்தால் போதும். இறங்கும்போது அவள், "ஷூவ ஒட்டிக்கோ, முழுசா பிஞ்சுடப் போவுது," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அந்த வருடப் பரீட்சையோடு அவள் பள்ளிக்கு வருவது நின்றது. அவள் கல்யாணமாகிப் போனதாக நம்மிடம் யாரோ சொன்னார்கள். யாரும் போய்ப் பார்க்கவில்லை. நான் போகாததற்குக் காரணம் எனக்குத் தெரியும்.

நான் விடுதிக்குப் போனேன். முதல் மாதமே கோச் ஒரு வெளியூர் டீமின் ஆட்டத்தைப் பார்க்க வைத்துவிட்டு, "எங்க, உன் நோட்டுல போட்டுக் காட்டு," என்றார். கோடு கிழித்தேன், எட்டுக் கட்டம் போட்டேன், சிவப்புப் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு அம்புக்குறி கூட எனக்கு வரவில்லை. அவர் கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நோட்டை மூடி என்னிடமே கொடுத்தார். அவருக்கு விஷயம் அன்றே புரிந்திருக்க வேண்டும். ஆறு மாதத்தில் முழங்கால் வலிக்கிறது என்று வீட்டுக்கு வந்துவிட்டேன். முழங்கால் கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது. நான் காலி செய்த இடத்துக்கு வேறு ஊர்ப் பெண் யாரோ வந்தாள். நோட்டை அம்மா பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டாள். தெரிந்தபோது நான் தேடவில்லை, நிம்மதியாகக் கூட இருந்தது.

இனி சொல்லப் போவது உங்களில் ஒருவருக்கும் தெரியாது. மூன்று வருடம் கழித்து, நான் சிதம்பரத்தில் காலேஜ் சேர்ந்த புதிது. சாயங்காலம் ஐந்து மணி இருக்கும், பஸ் ஸ்டாண்டில் கூட்டம். சிமென்ட் பெஞ்சில் ஜவுளிக்கடைப் பெண்கள் கட்டுகிற யூனிஃபார்ம் சேலையில் ஒருத்தி, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். மடியில் சாப்பாட்டுப் பை. முகம் பார்க்க வேண்டியதில்லை. ஒரு வருடம் ஓடி ஓடித் தொட்ட முதுகு அது.

திரும்பிப் போய்விடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். எப்படியோ நடந்து போய் அவள் முதுகில் கை வைத்துவிட்டேன்.

அவள் எழவில்லை. திரும்பவும் இல்லை.

"நாலு," என்றாள்.

"எப்படிடி தெரிஞ்சுது?"

"ஷூவ மாத்திட்டா காலு மாறிடுமா?"

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. கோபமாக இருப்பதாகவும் தெரியவில்லை.

"எந்திரிடி. மூஞ்சியப் பாக்கணும்."

"நீ சொல்லு. எந்திரிக்கிறேன்."

ஒரே ஒரு எழுத்து. பக்கத்தில் கண்டக்டர்கள் ஊர்ப் பெயரைக் கத்திக்கொண்டிருந்தார்கள், என் குரல் ஒருவருக்கும் கேட்டிருக்காது. அவளுக்கு மட்டும் கேட்டிருக்கும். கை அவள் முதுகிலேயே இருந்தது. வாய் வரவில்லை. பிறகு கையை எடுத்துக்கொண்டேன்.

"நோட்டு வச்சிருக்கியா?" என்று கேட்டாள்.

"இல்ல. பழைய பேப்பர்ல போயிடுச்சு."

"போவுது. எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்குது."

கடலூர் பஸ் வந்தது. அப்போது எழுந்தாள், பஸ்ஸுக்காக. ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துத் தன் போன் நம்பரைச் சொன்னாள். "எழுதிக்கோ, உனக்கு மறந்துடும்," என்றாள். என்னிடம் பேனா இல்லை. பஸ் நகர்ந்துவிட்டது.

அவள் நம்பர் யாரிடமாவது இருக்கிறதா என்று நீங்கள் குழுவில் இரண்டு முறை கேட்டீர்கள். இரண்டு முறையும் நான் பேசாமல் இருந்தேன். என்னிடம் இருக்கிறது. எந்த ஆட்டமும் மனதில் நிற்காத எனக்கு, அந்தப் பத்து இலக்கம் மட்டும் ஒரு நாளும் மறந்ததில்லை. இதுவரை ஒரு முறையும் அடித்ததில்லை.

அவள் அவசரப்படவில்லை. என் கை அவள் முதுகில் இருந்தது. கப்பைத் தோற்றது நான், அவள் படிப்பை நிறுத்தியதும் நான். போட்டோவுக்குக் கீழே நான் போட்ட பொம்மையை அழித்துவிட்டேன், உங்களுடையதையும் அழித்துவிடுங்கள். நம்பரை நாளைக்குக் குழுவில் போடுகிறேன். முதல் போன் மட்டும் நான் செய்கிறேன், விட்டுக்கொடுங்கள். நம்பர் மாறியிருந்தால் ஜவுளிக்கடை ஜவுளிக்கடையாகப் போய்க் கேட்பேன்.

அவள் எடுத்ததும் சொல்ல வேண்டிய அந்த ஒரு எழுத்தைக் காலையிலிருந்து சமையலறையில் சத்தமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். என் பெண் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "யாரைம்மா கூப்பிடறே?" என்று கேட்கிறாள்.